வலியசாலைக்கு வந்த வால்வு செட்

அந்த வருஷ ஓணத்துக்கு எங்கள் ஆபீஸ் மேடையில் நான் மவுத் ஆர்கன் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த நாலைந்து பேரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. வாடகைக்கு வந்த மைக் செட்டில் பேச்சுகளெல்லாம் கணீரென்று ஒலித்தன. என் மவுத் ஆர்கன் மட்டும் புனல் மாதிரி வாய் விரிந்த அந்தக் கோளாம்பி ஸ்பீக்கர் வழியாக வரும்போது தகரத்தைக் கீறுகிற மாதிரி இருந்தது. மைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வால்யூமைக் குறைத்துவிட்டார். நான் முடித்துவிட்டு இறங்கியதுகூடத் தெரியாமல் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்துமூன்று வயது, டைப்பிஸ்ட் வேலை. அண்ணா ஆசையாக வாங்கி, இரண்டே வாரத்தில் அலுத்துப்போய் அலமாரியில் போட்ட மவுத் ஆர்கனை எடுத்து, ஏழு வருஷமாக நானே தட்டுத்தடுமாறிப் பழகியிருந்தேன். அதை அப்படியே விட மனசு வரவில்லை. சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"வாயால ஊதறதுக்கு மிஷின் எதுக்குடி?" என்றாள் அம்மா. ஆனாலும் என்னைத் தனியாக அனுப்பாமல் கூடவே கிளம்பினாள்.

எங்கள் வீடு இருந்த வலியசாலையிலிருந்து சாலை பஜார் நடக்கிற தூரம்தான். ரேடியோ கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றதும் அவர் அம்மாவைப் பார்த்தே பேசினார். "கோயிலுக்கா, ஸ்கூலுக்கா?"

"எனக்கு. மவுத் ஆர்கன் வாசிக்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் அம்மாவிடமே திரும்பினார். "சின்னப் பிள்ளைங்க ஊதுறதாக்கும் அது."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "வாசிக்கறவ அவ. அவகிட்ட பேசுங்கோ."

நான் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்தேன். "வாசிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன்."

முதலில் அவர் வைத்தது பெரிய செட். மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு ஊதினேன். அப்படிப் பொத்தினால் சத்தம் கனமாக வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது பாட்டு இல்லை, ஊளை. எதிர்க்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டாவது புதுசு, பளபளவென்று இருந்தது. ஊளையில்லை. அம்மா தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று கேட்டாள். "நன்னாக் கேக்கறதுடி, இதையே எடுத்துக்கோ!" என்று அங்கிருந்தே சொன்னாள். எனக்கு என்னவோ ஒப்பவில்லை. மெல்ல ஊதினாலும் பலமாக ஊதினாலும் ஒரே மாதிரி ஒலித்தது.

அப்போதுதான் தரையில் தூசியோடு கிடந்த ஒரு சின்னச் செட்டும் அதன் மரப்பெட்டி ஸ்பீக்கரும் கண்ணில் பட்டன.

"அது பழைய வால்வு செட்டும்மா. ஒரு டுட்டோரியல் காலேஜ்ல பெருசு வாங்கிட்டு, இதைத் திருப்பித் தந்துட்டுப் போனாங்க. சத்தம் போறாது."

"போட்டுக் காட்டுங்கோ."

உள்ளே இருந்த கண்ணாடி வால்வுகள் சூடாக நேரம் எடுத்தது. பின்பக்கத் துவாரங்களில் ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல ஏறியது. நிதானமான ஒரு மெட்டை மெதுவாக ஆரம்பித்தேன். என் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் வந்தது. இறுக்கி ஊதியபோது தொண்டை கம்மினாற்போல லேசாகக் கரகரத்தது. ஏழு வருஷமாக என் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் வெளியே வந்து நின்றது. கண்ணைத் திறந்தபோது வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எதிர்க்கடைக்காரரும் அதில் ஒருவர்.

"இதுதான்" என்றேன்.

"புதுசை விட்டுட்டுப் பழசையா?" என்றாள் அம்மா. கடைக்காரரும் ஒருமுறை யோசிக்கச் சொன்னார். யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஓணத்துக்கு அதையே மேடையில் வைத்தேன். இரண்டாவது வரி வாசிக்கும்போது ஹால் அடங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே திரும்பி நின்றார்கள். முடித்ததும் இன்னொன்று கேட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் ஒன்று. என் செக்‌ஷன் சூப்பரிண்டெண்ட், டைப்பில் ஒரு எழுத்து பிசகினாலும் விடாதவர், எழுந்து நின்று கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் ரிக்ரியேஷன் கிளப் செக்ரட்டரி வந்து செட்டைத் தடவிப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "நல்ல சாதனம், கேட்டோ. இனி நம்ம மீட்டிங்குக்கெல்லாம் இதைத் தரணும்."

"தரேன் சார். ஆனா நானும் கூட வருவேன். பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு வாசிப்பேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியென்றார். அந்த வருஷம் ஆபீஸில் மூன்று பேர் ரிடையர் ஆனார்கள். மூன்று பேரின் பிரிவுபசாரத்திலும் வாசித்தேன்.