அக்காவின் வயிற்றுக் கிருமிகள்

அக்கா பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவம் படித்தபோது அவள் முகமெல்லாம் பரு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கிள்ளானில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் அந்தப் பருவுக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். எண்ணெய்ப் பலகாரம் என்றாள் அம்மா. போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே திரிவதுதான் என்றார் அப்பா. முதலில் அவளுக்கு நெய்யை நிறுத்தினார்கள். பிறகு முட்டை, கச்சான் கடலை, சாக்லேட் என்று ஒவ்வொன்றாக நின்றது. நின்றதெல்லாம் என் தட்டுக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பரு இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நான் நினைத்ததுண்டு.

அது இருக்கத்தான் செய்தது. கன்னத்தில் தொடங்கி தாடைவரை இறங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த பெரியம்மா தனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்குக்கு அக்காவை அழைத்துப்போனார். அங்கே கொடுத்த மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாதக்கணக்கில் அவள் விழுங்கினாள். முகம் கொஞ்சம் ஆறியது. ஆனால் வயிறு கெட்டுப்போனது. காலையில் பள்ளி வேன் கீழே நின்று ஹாரன் அடிக்கும். அக்கா கழிப்பறையைவிட்டு வெளியே வரமாட்டாள். நான் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பேன். சில வாரங்களில் முகமும் பழையபடி சிவந்து வீங்கியது. கண்ணாடி முன்னால் நிற்பதையே அவள் விட்டுவிட்டாள்.

தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் அரைநாள் லீவு போட்டு அவளை எங்கள் பக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். வீட்டில் தனியாக விட முடியாதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனை மாசமாவா சாப்பிடுற? இது பருவுல உள்ள கிருமிய மட்டும் கொல்லாதும்மா. வயித்துல கோடிக்கணக்குல நல்ல கிருமி இருக்கு. அதையும் சேத்துக் கொன்னுடும். அதான் வயிறு இப்படி ஆயிடுச்சு.”

வயிற்றுக்கும் பருவுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டாள்.

“இருக்கும்னு சொல்றாங்க. வயிறு கெட்டா தோல்ல காட்டுமாம். ஆனா இன்னும் முழுசா தெரியாது, நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர்.

அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, முகத்துக்கு ஒரு களிம்பு கொடுத்தார். தயிர், கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம், கச்சானைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். பள்ளிக்கு லீவு போட அக்காவுக்கு இரண்டு நாள் எம்சி எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவிலும் என் காதில் ஏறியது ஒன்றுதான். அக்காவின் வயிற்றில் கோடிக்கணக்கில் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. எங்கள் வகுப்புச் சுவரில் கைகழுவச் சொல்லும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் கிருமி பச்சையாக, பல்லை இளித்துக்கொண்டு இருக்கும். ‘நல்ல’ என்ற சொல்லை நான் வழியிலேயே தொலைத்துவிட்டேன்.

மறுநாள் வேனில் நான் மட்டும் ஏறினேன். அந்த வேனில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் சேர்ந்துதான் போவோம். ஓட்டுகிற ஆன்டி, அக்கா எங்கே என்று கேட்டார்.

“அக்கா வயித்துல கிருமி இருக்காம் ஆன்டி. டாக்டர் சொன்னாங்க. அதான் மூஞ்சியெல்லாம் பரு.”

வேன் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அதற்குமுன் அப்படி யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒன்றாம் ஆண்டிலிருந்து அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த அவளுடைய தோழி முன்னால் சாய்ந்து கேட்டாள்.

“ஒட்டுமா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் எல்லாரும் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

“ஒட்டும்” என்றேன்.

அக்கா திரும்பி வந்த அன்று தோழி பின்சீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா பிஸ்கட்டை நீட்டினாள். “வேணா லா, பசிக்கல” என்று தோழி ஜன்னலைப் பார்த்தாள். பள்ளியிலும் அந்தப் பேச்சு பரவியிருக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் தனியாகச் சாப்பிட்டதாக அம்மாவிடம் அக்கா ஒருநாள் சொன்னது என் காதில் விழுந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பரு அவ்வளவு அசிங்கமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

வேனில் அவள் என் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். என் கணக்குப் பாடத்தைப் பார்த்துத் திருத்தினாள். முன்பெல்லாம் என்னைக் கண்டுகொள்ளாத அக்கா முழுசாக எனக்கே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இரண்டு வாரம் கழித்து, எல்லாரும் வேனில் இருந்தபோது, ஆன்டி கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்துக் கேட்டார். “ஏம்மா, அந்தக் கிருமி ஒட்டும்னு தங்கச்சி சொன்னுச்சே, இப்ப எப்படி இருக்கு?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன். அவள் ஆன்டி பக்கம் திரும்பினாள்.

“சரியாயிடுச்சு ஆன்டி.”

அன்று வீட்டில் அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் தயிர்ச்சோறு பிசைந்து சாப்பிட்டாள். எனக்கும் ஒரு வாய் நீட்டினாள். கிருமி வரும் என்று பின்வாங்கினேன்.

“உன் வயித்துலயும் இருக்கு” என்றாள்.

“எனக்குப் பரு இல்லையே.”

“வரும்” என்றாள். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் அவள் முகம் தெளிந்தது. களிம்பா, தயிரா, மாத்திரையை நிறுத்தியதா, வயதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தோழி மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், பிஸ்கட் வாங்கிக்கொண்டாள். ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அது ஒட்டுகிற நோயே இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை என்னைவிட நன்றாகக் கேட்டவள் அவள். ‘ஒட்டாது’ என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மேல் இருந்த பழி அங்கேயே கழன்றிருக்கும். பொய் சொன்னது யார் என்று வேனுக்கே தெரிந்திருக்கும். அவளுக்கு அந்த வேனில் இன்னும் சில மாதங்கள்தான். எனக்கு மூன்று வருடம் பாக்கி இருந்தது. இதையெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. அன்றைக்கு, அவளுக்கு என்மேல் கோபமே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.