நாகஜோதி அழித்த டூல்பார்

பெஞ்சில் நகர்ந்து உட்காருங்கள், இது சத்தியமாக நடந்த கதை. சரி, இடையில் கொஞ்சம் ஆற்றியிருப்பேன். நுரை இல்லாத டீயை நீங்கள் மட்டும் குடிப்பீர்களாக்கும்!

தல்லாகுளத்தில் கோர்ட்டு மனு டைப் அடிக்கும் கடை ஒன்றில் நாகஜோதிதான் ராணி. அவள் அடிக்கும் வேகத்தில் கீபோர்டு புகையும். ஃபேன் போடுவதே அதை ஆற்றத்தான். வக்கீல் குமாஸ்தா முத்துக்கருப்பன் உள்ளே வந்தால் நேராக அவள் மேசைக்குத்தான் போவார். அந்த மரியாதைக்காகவே காய்ச்சலிலும் வேலைக்கு வருவாள்.

அதில் மண்ணைப் போட்டவள் பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்த பவதாரிணி. வில்லாபுரத்துப் பெண். திரையின் மேலே இருக்கும் டூல்பாரில் வேண்டாத பட்டனையெல்லாம் தூக்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்தாள். ஒன்றைத் தட்டினால் மனுவின் தலைப்பு முழுசாக வந்து விழும். இன்னொன்றைத் தட்டினால் கோர்ட்டுத் தாளுக்கு வேண்டிய ஓரமும் இடைவெளியும் தானாக அமையும்.

"என்ன தாயி, நான் உக்கார்றதுக்குள்ள முடிச்சிட்ட!" என்று முத்துக்கருப்பன் அங்கேயே நின்றுவிட்டார்.

நாகஜோதியின் வயிற்றெரிச்சலில் காளவாசல் வரைக்கும் வெக்கை அடித்தது. எட்டி எட்டிப் பார்த்து, அதே பட்டன்களை அதே வரிசையில் தன் டூல்பாரிலும் வைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்படியும் குமாஸ்தா திரும்பிப் பார்க்கவில்லை. இனி பவதாரிணியின் டூல்பாரை அழித்தால்தான் தூக்கம் வரும்.

ஆயுத பூசை வந்தது. வழக்கம்போல மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பொட்டிகளையெல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போட்டு, திரும்ப மாட்டினார்கள். மறுபடி கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்த நாகஜோதி, பவதாரிணி மேசையில் உட்கார்ந்து டூல்பாரைப் பழையபடி ஆக்கினாள். பட்டன் அத்தனையும் காலி.

பவதாரிணி வந்து திரையைப் பார்த்தாள். குனிந்து பொட்டியைப் பார்த்தாள்.

"யக்கா, இது உங்க பொட்டி. பூசைக்குக் கழட்டுனப்ப மாத்தி வச்சிட்டாக. எம் பொட்டியில முருகன் படம் இருக்கும்ல?"

நாகஜோதி தன் மேசைக்கு அடியில் பார்த்தாள். முருகன் வேலோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

பொட்டிகளை இடம் மாற்றி முடிக்கவும் முத்துக்கருப்பன் அவசர மனுவோடு வரவும் சரியாக இருந்தது.

"ஏத்தா நாகஜோதி, அந்தப் புள்ளகிட்ட கூட்டமா இருக்கு. இன்னிக்கு நீ அடி."

ஏங்கிக் கிடந்த வார்த்தை! மேலே மொட்டை டூல்பார். தலைப்பை எழுத்தெழுத்தாக அடித்தாள். குமாஸ்தா விட்ட கொட்டாவியில் தாளெல்லாம் பறந்தது.

"இங்கிட்டுக் கொண்டாங்கண்ணே," என்றாள் பவதாரிணி. "யக்கா, உங்களுக்கும் பட்டன் வேணும்னா கேளுங்க. சாயங்காலம் வச்சுத் தாரேன்."

அதுதான் நாகஜோதிக்குத் தாங்கவில்லை.

"பொட்டிய மாத்துனதே அந்தப் பவதாரிணிப் புள்ளதேன்!" என்று டீக்கிளாசை பெஞ்சில் குத்தினான் கதை கேட்டுக்கொண்டிருந்த அழகுபாண்டி.

"நாகஜோதி ஒங்க மதினியில்ல, நீ அப்பிடித்தேன் பேசுவ," என்றான் பக்கத்தில் இருந்த சுடலை.

"எங்க மதினிய இழுத்த, மூஞ்சியில ஊத்திருவேன்!"

"ஊத்துடா பாப்பம்!"

ஊற்றியேவிட்டான்.