வாடகைக்கு ஒரு தம்பி

மார்பில் இருந்த கட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். திருவொற்றியூரில் தனியாக வசிப்பவள் நான். ராயபுரத்தில் ஒரு டாக்டர் தம்பதி சொந்தமாக நடத்தும் சிறிய கிளினிக்கில் காலையில் ஆபரேஷன் செய்து மாலையில் அனுப்பிவிடுவார்கள். என் சம்பளத்துக்கு அதுதான் கட்டுப்படியானது. ஆனால் வீட்டுக்கு அழைத்துப் போய் மறுநாள் வரை உடனிருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள்.

கல்மண்டபம் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரரிடம் காசு பேசி, தம்பி என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா அவரிடம் படிவத்தை நீட்டினார். “அக்கா பேரை எழுதுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“வீட்டுக்குப் போன பிறகு ரத்தம் கசிஞ்சா யாரும்மா பாக்கறது? ஆள் இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன்.”

கோபத்தோடு எழுந்தேன். ஆட்டோக்காரர் எழவில்லை.

“இரு யக்கா. டாக்டரம்மா, பேரு தெரியாது, மெய்தான். ஆனா வூட்ல என் சம்சாரம் கீது. நாளைக்கு வரைக்கும் அது பாத்துக்கும்.”

போனைப் போட்டுக் கொடுத்தார். டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் நிறையக் கேள்வி கேட்டார். பிறகுதான் சம்மதித்தார்.

கட்டி ஆபத்தானதில்லை என்று பின்னர் தெரிந்தது. இப்போது எங்கள் கம்பெனியில் யார் ஆபரேஷனுக்குத் தனியாகக் கிளம்பினாலும் நான் லீவு போட்டுவிட்டு உடன் போகிறேன். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. படிவத்தில் உறவு என்ற இடத்தில் ‘கூட வேலை செய்பவள்’ என்றே எழுதுகிறேன். பொய் தேவைப்படவே இல்லை.