அத்தைக்குச் சொன்ன இரண்டாம் பாகம்

தென்காசியில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏன் வந்தார்கள் என்று கேட்பதில்லை. சாரல் விழுகிறது, குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்க வந்திருப்பார்கள். கடையத்திலிருந்து ஒரே ஒரு பையோடு அப்பாவின் தங்கை வந்து இறங்கியபோதும் எங்கள் தெருவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. "சாரலுக்கு வந்திருக்கா" என்று அம்மா நாலு வீட்டில் சொல்லிவைத்தாள். மாமா அடித்துத்தான் அத்தை வந்தாள் என்பது வீட்டுக்குள் மட்டும், அதுவும் நான் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசப்பட்டது. நான் இல்லை என்று அவர்கள் நினைத்த நேரங்களில் பெரும்பாலும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருப்பேன். அடி என்றால் எனக்குத் தெரிந்தது அம்மா முதுகில் வைக்கும் ஒன்றுதான். வைத்த அரை மணி நேரத்தில் அவளே தோசை சுட்டுத் தருவாள்.

எனக்குப் பன்னிரண்டு வயது. நூலகத்தில் விஞ்ஞானக் கதைகளும் மாயாஜாலக் கதைகளும் இருந்த ஒரே ஒரு அலமாரியை முழுவதும் படித்து முடித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்கத்தான் ஆளில்லை. அத்தை குடும்ப நாவல் படிப்பாள். வெளியே தலை காட்டினால் யாராவது எதையாவது கேட்பார்கள் என்று அவள் தெருவில் இறங்குவதில்லை. புத்தகம் எடுத்து வருவது என் பொறுப்பானது. இது போதாதா எனக்கு? அழுகிற கதைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அவளைக் கரையேற்றத் தொடங்கினேன்.

காய்ச்சல் விட்டவருக்குக் கஞ்சியிலிருந்து ஆரம்பிப்பதுபோல முதலில் ஒரு எந்திர மனிதன் கதை, அப்புறம் பறக்கும் குதிரை, அப்புறம் காலத்தில் பின்னோக்கிப் போகும் ஒரு தபால்காரன். அத்தை நல்ல வாசகி. ஆனால் அவள் கேட்கும் கேள்விகள் எந்த எழுத்தாளருக்கும் தோன்றியிருக்காது. "ஏட்டி, இந்த விண்கலத்துல ஏழு பேரு இருக்காங்களே, துணிய எங்கன காயப்போடுவாங்க?" என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கடைசியாக நான் கொடுத்தது என் உயிருக்கு உயிரான புத்தகம். ஒரு கிரகத்தின் ராணி, ராஜாவின் கொடுமை பொறுக்காமல் சின்னக் கலம் ஒன்றில் தப்பி வேறொரு கிரகத்தில் வந்து இறங்குகிறாள். அங்கே தோட்டம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். ராஜா ஆள் அனுப்புகிறான், திரும்பி வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவதாக. அவள் கலத்தின் வாசலில் வந்து நிற்கிறாள். முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்தை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவே இல்லை.

அத்தை அதை இரண்டு முறை படித்தாள். அதற்குள் ஆகஸ்டும் போய், அருவியில் தண்ணீர் நூலாகிவிட்டது. வெயில் உறைக்க ஆரம்பித்தது. பெரியப்பா வந்து அப்பாவிடம், "அருவியே காஞ்சு போச்சு. இனும என்னத்தச் சொல்லிச் சமாளிக்க?" என்று சத்தம் போட்டார். மாமா ஆள் விட்டிருந்தார், வந்தால் பழையதைப் பேசுவதில்லை என்று. அம்மா அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சோறு பரிமாறினாள்.

மறுநாள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டாள்.

"ஏட்டி, அந்த ரெண்டாம் பாகத்துல அவ என்ன செய்தா? திரும்பிப் போனாளா?"

படித்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அலமாரி முழுவதும் படித்தவள் என்ற பெயர் போய்விடுமே என்று பயந்தேன்.

"போனா அத்தை."

"போயி?"

"போயி எல்லாத்தையும் சரிபண்ணிருதா. ராசா மாறிருதான். அவகிட்ட மன்னிப்புக் கேக்கான்."

"நெசமாவா?"

"படிச்சிட்டுத்தான சொல்லுதேன்."

கையிலிருந்த வற்றலைத் துணியில் பரப்பினாள். "போகாம அவ அங்கனயே இருந்திருந்தா?"

"இருந்தா கதை எங்கன இருக்கு? அப்புறம் எதுக்கு ரெண்டாம் பாகம் எழுதணும்?"

அந்த வீட்டில் அவளைப் போ என்று சொல்லாதவள் நான் ஒருத்திதான். அதனால்தான் என்னிடம் கேட்டாள் என்பது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் பிடித்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பெரிய மனுஷி கதையைப் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்கிறாள் என்பது மட்டும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் அத்தை அதே பையோடு கடையம் பஸ்ஸில் ஏறினாள். யார் சொல்லியும் கேட்காதவள் தானாகக் கிளம்பிவிட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பெரியப்பா எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார். நானும் தின்றேன். இன்று அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அத்தையை மாமா எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை, சாரலுக்குக்கூட. இரண்டு வருஷம் கழித்துக் கீழப்பாவூரில் ஒரு கல்யாண வீட்டில்தான் பார்த்தேன். அவளுக்கென்றே மூன்று புத்தகங்களைப் பையில் கொண்டுபோயிருந்தேன். மேலே இருந்ததை வாங்கி அட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இப்பல்லாம் எழுத்து கண்ணுக்குப் பிடிபட மாட்டேங்கு ஏட்டி" என்றாள். இடது புருவத்தை ஒட்டித் தையல் போட்ட தழும்பு ஒன்று இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்தில் நின்ற மாமா சொன்னார்.

அத்தைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் அத்தை, செங்கோட்டையில் நல்ல கடை ஒன்று இருக்கிறது என்று அதையும் நானே சிபாரிசு செய்தேன்.