பட்டியலில் கடைசிப் பெயர்: பாடனிலிருந்து வின்டர்தூருக்கு

போன சனிக்கிழமை நான் வின்டர்தூருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. சுவிஸில் நாங்கள் இருக்கிற பாடன் நகரசபைத் தேர்தலில் நிற்கும்படி ஒரு கட்சிக்காரர் என்னிடம் படிவம் தந்திருந்தார். திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். பதினெட்டு வருடமாக முதியோர் இல்லச் சமையலறையில் நிற்கிற என்னை இவர்களுக்கு இப்போது ஏன் திடீரென்று பிடித்தது? தமிழ் வாக்குகளுக்கு வலை வீசுகிறார்கள் என்றே பட்டது. அந்த நேரத்தில்தான் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். அமெரிக்க மாநிலச் சட்டசபையொன்றில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர், மகளைப் பார்க்க வின்டர்தூருக்கு வந்திருக்கிறார், பேசப்போகிறார் என்று இருந்தது.

மத்தியானம் எஸ்12 ரயிலில் ஏறினேன். வண்டி மாறத் தேவையில்லை, ஒரு மணித்தியாலம் கூட ஆகாது. அரைக் கட்டண அட்டையோடு போய்வர இருபத்துநாலு ஃபிராங். வின்டர்தூரில் கூட்டம் நடக்கிற நூலகத்துக்குப் போக ஏறிய பஸ்ஸின் சாரதி, முன்பு எங்கள் மேல்மாடியில் இருந்த யோகன். புறப்பட இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

"அக்கா, எலக்சனிலை நிக்கிறியளாம், உண்மையோ?"

"இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

"கட்சிப் பட்டியலிலை எத்தினையாவது பெயர்?"

"கடைசி."

"அப்ப இடம் நிரப்பத்தான் கேக்கினம்."

எனக்குக் கோபம் வந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூலக மண்டபத்தில் இருபது பேர் வரை இருந்தார்கள். அனுமதி இலவசம், கோப்பியும் இலவசம். யாராவது உண்டியல் கொண்டு வருவார்கள் என்று வாசலைப் பார்த்தபடியே குடித்தேன். ஒருவரும் வரவில்லை.

தோற்பது உறுதி என்று தெரிந்த தொகுதியில்தான் கட்சி தன்னை முதலில் நிறுத்தியது என்றார் அந்த அம்மா. வென்றுவிட்டார். சட்டசபையில் முன்வரிசை இடம் கொடுத்தபோதும், முப்பது வருடமும் பின்கதவுக்குப் பக்கத்துக் கதிரையை விடவில்லையாம். வாக்கெடுப்புக்கு முன் யார் யாரோடு வெளியே போய்க் கதைக்கிறார்கள் என்று அங்கிருந்தால்தான் தெரியுமாம். ஒருமுறை மசோதா ஒன்றின் கடைசிப் பக்கத்தில், தன் தொகுதிப் பள்ளிக்கூடத்தை மூடுகிற ஒற்றை வரியைக் கண்டுபிடித்து எடுக்கவைத்திருக்கிறார். சந்தேகத்தையே தொழிலாக வைத்திருந்த ஆள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழும்பிக் கேட்டேன். "இடம் நிரப்பத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் ஏன் சம்மதித்தீர்கள்?"

"உங்களையும் கேட்டிருக்கிறார்களா?" என்றார். நான் தலையாட்டினேன்.

"அவர்களை நம்பியிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். நம்பாதபடியால்தான் உள்ளே போனேன்."

திரும்பி வரும் ரயிலில் படிவத்தை முதல் தடவையாகக் கடைசி வரி வரை வாசித்தேன். பெயர்: புவனா கனகா. தொழில்: சமையல் உதவி. என்னைக் கேட்காமலே பெயரையும் வெட்டி, வேலையையும் குறைத்திருக்கிறார்கள். இரண்டையும் கோடு போட்டு அடித்தேன். புவனேஸ்வரி கனகசபாபதி, தலைமைச் சமையலாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வின்டர்தூர் போகிறவர்களுக்கு: சனிக்கிழமைகளில் பஸ் குறைவு, நிலையத்திலிருந்து நூலகத்துக்கு நடந்தே போகலாம். பாடனில் வாக்குரிமை உள்ளவர்களுக்கு: எங்கள் வாக்குச்சீட்டில் ஒருவரின் பெயரை இரண்டு தரம் எழுதலாம், அவருக்கு இரண்டு வாக்கு விழும். என்னுடையது நீளமான பெயர். நல்ல பேனையாக எடுத்துக்கொள்ளுங்கள்.