மெர்லின் டீச்சர் அழித்த நான்கு திட்டுகள்

உங்கள் அம்மா கொல்லைக்காட்டில் பேசுகிற தமிழ், அப்படியே ஒரு பள்ளிவிழாவில் ஒலிபெருக்கி வழியே கேட்டால், நீங்கள் நிமிர்ந்து நிற்பீர்களா, கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். நிமிர்ந்து நிற்பேன் என்றுதான் மெர்லினும் நினைத்திருந்தார்.

மெர்லினுக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்க் கணினி படித்தவர். ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தற்காலிகக் கணினி ஆசிரியர். ஒவ்வொரு ஜூன் மாதமும் தலைமையாசிரியர் கோபிநாத் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வேலை உண்டு.

அவர் வந்து சேர்ந்தபோது அங்கே கணினிப் பாடம் நடந்த விதத்தைக் கேளுங்கள். ஆயுதபூஜை அன்று கணினிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மறுநாள் துணி போட்டு மூடி, அறையைப் பூட்டுவார்கள். பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டின் வலது பக்கத்தில் புரோகிராமை எழுதுவார்கள். இடது பக்கத்தில் அதன் விடையைப் பென்சிலால் வரைவார்கள். ஒரு விசையைக்கூடத் தொடாமல் விடை வந்துவிடும். போன வருடத்து நோட்டில் இருந்த தப்பும் பத்திரமாகக் கூடவே வரும். கும்பிடலாம், தொடக்கூடாது என்பது கோயில் வாசலில் மட்டுமல்ல, கணினி அறையிலும் இருந்தது. இதற்குப் பெயர் அறிவியல் கல்வி!

மெர்லின் துணியை உருவி எறிந்தார். அட்டைப்பெட்டி, பழைய ரேடியோ ஸ்பீக்கர், அவரே வாங்கி வந்த, புரோகிராம் ஏற்றக்கூடிய சின்னச் சின்ன மின்பலகைகள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, "ஒங்க வீட்டுல எது தொல்லை கொடுக்குதோ அதுக்கு ஒரு வழி செய்ங்க. ஒடைஞ்சா ஒடையட்டும்" என்றார்.

பதினொன்றாம் வகுப்பு சுடர்விழிக்குத் தொல்லை மயில்கள். முளைவிட்ட கடலையைக் கிளறித் தின்றுவிடும். அவள் அம்மா பொன்னழகு நாள் முழுக்கக் காட்டில் நின்று கத்துவார். சுடர்விழி ஒரு பெட்டி செய்தாள். எதிரே ஏதாவது அசைந்தால் அது அம்மாவின் குரலில் திட்டும். அதுவும் ஒரே திட்டு அல்ல. நான்கு திட்டுகளில் ஏதாவது ஒன்றைப் பெட்டியே மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதியிருந்தாள்.

"ஒன்னு போதாதாடி?" என்று கேட்டார் மெர்லின்.

"ஒரே திட்டுன்னா மயிலுக்குப் பழகிரும் டீச்சர். எனக்கே பழகிருச்சே!"

வகுப்பு சிரித்தது. மெர்லினுக்குப் புல்லரித்தது. எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராத கணினி அறிவியல் அது.

பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு முந்தின நாள் கோபிநாத் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். பெட்டி அவரைப் பார்த்துக் கத்தியது: "ஏய் எடுபட்ட பயலே, அங்கிட்டுப் போ! ஒங்கப்பன் வீட்டுக் கடலையா?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோபிநாத் சிரிக்கவில்லை.

"என்ன டீச்சர் இது, காட்டுக் கத்தல்? நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. நாகரிகமா ஏதாச்சும் வைங்க. ஜூன்ல கையெழுத்துக்கு எங்கிட்டதான வருவீங்க?"

அன்று மாலை, பிள்ளைகள் போன பிறகு, மெர்லின் அந்த நான்கு திட்டுகளையும் அழித்தார். ஒரு சைரன் சத்தத்தைப் போட்டார். அட்டைக்குப் பளபளக்கும் தாள் ஒட்டி, ஆங்கிலத்தில் ஒரு பெயரும் எழுதினார். சுடர்விழியிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். காலையில் சொல்ல வாய் வரவில்லை.

கண்காட்சிக்குப் பொன்னழகு வந்திருந்தார். களையெடுப்பை விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் அழைத்து வந்திருந்தார். "ஏங்கொரலு பொட்டிக்குள்ள இருக்கு, வந்து கேளுங்கடி" என்று சொல்லித்தான் கூட்டி வந்தாராம்.

பெட்டிக்கு முன் நடுவர் கையை அசைத்தார். சைரன் அலறியது. சுடர்விழி திடுக்கிட்டாள்.

"இந்தச் சத்தம் மயிலுக்கு நாலு நாளில் பழகிவிடாதா?" என்று கேட்டார் நடுவர்.

அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே சரியான பதிலை வைத்திருந்த பெண் அவள். பதில் பெட்டிக்குள் இல்லை. அவள் மெர்லினைப் பார்த்தாள். மெர்லின் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

கூட்டத்திலிருந்து பொன்னழகின் குரல் கேட்டது. "பாப்பா, எங்க ஏங்கொரலு? இது ஆம்புலன்சு மாதிரியில்ல கத்துது!" பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி, "ஒங்கொரலு வெக்கப்பட்டு ஓடிருச்சு போல" என்றாள். பொன்னழகு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மெர்லின் மேசைவிரிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை சுடர்விழி ஆய்வகத்தில் எதையும் தொடவில்லை. "நீங்களே செஞ்சுருங்க டீச்சர். நான் ரெக்கார்டு எழுதுறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்கிறார் மெர்லின்.

அந்தச் சனிக்கிழமை மெர்லின் கடலைக்காட்டுக்குப் போனார். "தப்பு எம்மேலதாங்க. இன்னொரு தடவ பேசித் தாங்க, பழையபடி போட்டுர்றேன்" என்று செல்போனை நீட்டினார்.

பொன்னழகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செல்போனுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, பாடப்புத்தகத் தமிழில் பேசினார்: "மயிலே, தயவுசெய்து இங்கே வராதே."

"அப்படி இல்லங்க, எப்பவும் பேசுற மாதிரி..."

"வேணாம் டீச்சர். நாங்க பேசுறது அப்படித்தான் இருக்கும். ஆபீசருங்க கேக்குற பேச்சா அது? நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

தன் வேலையைக் காப்பாற்ற ஒருவர் செய்த காரியம், ஒரு தாய்க்குத் தன் வாயைப் பார்த்தே கூசக் கற்றுக்கொடுத்துவிட்டது. தன் அம்மாவும் இதே வார்த்தைகளால்தான் கிளியையும் மயிலையும் விரட்டினார் என்பது வரப்பில் நின்றபோதுதான் மெர்லினுக்கு நினைவு வந்தது. மெர்லின் வெட்கப்படுகிறார், படட்டும். ஆனால் ஒரு கையெழுத்தைக் காட்டி மிரட்டியவர் வெட்கப்படவில்லை. பளபளப்புக்கும் ஆங்கிலத்துக்கும் மதிப்பெண் போட்டுப் பழகிய நாமும் வெட்கப்படவில்லை.

சுடர்விழி இன்னும் எதையும் தொடவில்லை. அவளைப் போன்றவர்கள் உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் அவசியம் போங்கள். அழகாக இருக்கும் மேசையை விட்டுவிட்டு, கோணலாக ஒட்டிய அட்டைக்கு முன் நில்லுங்கள். "இது மொதல்ல எங்க தப்பாச்சு, நீ எப்படிச் சரிபண்ணுன?" என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். ஆசிரியர் குறுக்கே வந்தால் தடுத்து நிறுத்துங்கள். பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் பதில் சொல்லி முடிக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.