அரைக்கை ரவிக்கை

தீபாவளிக்கு மறுநாள்தான் எங்கள் வீட்டுக்குத் தீபாவளி. அப்பாவுக்குத் தி.நகரில் ரவிக்கைத் துணிக்கடை. புடவையை அவர் முன்னால் விரித்துப் போட்டால் போதும், அலமாரியில் அடுக்கியிருக்கும் அத்தனை பச்சையிலும் அந்தப் புடவைக்கான பச்சையை ஒரே இழுப்பில் உருவி எடுப்பார். பண்டிகைக்கு முந்தின ஒரு மாதம் அவர் முகத்தையே மறந்துவிடுவோம். கடையை முழுதாகப் பூட்டுகிற மறுநாள், எங்கேயாவது வெளியே போய்வருவது வழக்கம். மகாபலிபுரம் போவோம், வண்டலூர் போவோம், ஒன்றும் தோன்றாவிட்டால் பெசன்ட் நகர் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

அந்த வருடம் வேலூர்க் கோட்டை என்றாள் அம்மா. ஏன் வேலூர் என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும்.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பால் சிந்தியதுபோல் வெண்புள்ளி. ஒட்டாது, பரவாது, பிள்ளைகளுக்கு வருமென்று பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் நம்பினோம், பெண் பார்க்க வந்தவர்கள் நம்பவில்லை. அவளுடைய எல்லாப் புடவைக்கும் அப்பா முழுக்கை ரவிக்கைக்கே துணி வெட்டினார். ஒன்பது குடும்பங்கள் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாவதாக வந்த ஒரு அம்மாள் அக்காவை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம், கத்தரிக்காய் வாங்குகிறவள் மாதிரி. அன்று ராத்திரி எங்கள் எல்லோரிடமும் அக்கா சொன்னாள்: "இனிமே யார் முன்னாடியும் போய் நிக்க மாட்டேன். பார்த்தே ஆகணும்னா எக்ஸ்ரே எடுத்து அனுப்பிக்கோங்க."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் விடவில்லை. வேலூரில் மளிகைக்கடை வைத்திருந்த, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைப் பிடித்துவிட்டாள். கோயிலிலோ பூங்காவிலோ தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோல் ஏற்பாடு செய்வது எங்களில் உண்டு. பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை என்பார்கள். ஆனால் அதற்கும் பெண்ணிடம் சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். அம்மா அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் முன்பு அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"ஏட்டி, அவகிட்ட மூச்சு விடாத. நீயும் வரவேண்டாம். வயித்துவலின்னு சொல்லிப் படுத்துக்கோ."

மூத்தவளைப் பார்க்க வரும்போது இளையவள் கண்ணில் படக்கூடாது. ஒன்பது தடவையும் நான் மயிலாப்பூரில் ஒரு தோழி வீட்டில்தான் இருந்தேன். அவள் அம்மா என்னைக் கண்டதுமே, "இன்னிக்கு யாரு வராங்க?" என்பார். ஆகவே பத்தாவது தடவையும் சொன்னபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இவ வரலைன்னா நானும் வரல. இவளைத் தனியா விட்டுட்டு எனக்கு என்ன கோட்டை?" அம்மா என்னைப் பார்த்தாள். என் வயிற்றுவலி உடனே சரியாகிவிட்டது.

காரில் ஏறும்போது அக்கா அரைக்கை ரவிக்கையில் வந்தாள். கல்லூரி நாளில் தைத்தது, மாம்பழ மஞ்சள். அதை அவள் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "வெயில் எரிக்கும்ட்டி. முழுக்கை போட்டுக்கோ."

"கோட்டையில என்னை யாரும்மா பார்க்கப் போறா? செத்துப்போன ராஜாவா?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மாடிப்படியில் மறுபடி ஏறி ரவிக்கை மாற்றிக்கொண்டு வர ஐந்து நிமிடம். இல்லை, வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் ஐந்து நிமிடம். அந்த இரண்டாவதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா திட்டுவாள், அப்பாவின் ஒரே விடுமுறை கெட்டுவிடும் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தக் காரணங்களை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அகழியில் மழைத்தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடந்தது. பாலத்தைத் தாண்டியதும் அக்கா சின்னப் பெண்ணாகிவிட்டாள். மதில்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்து, "எடு, எடு" என்று என் போனுக்கு நின்றாள். உள்ளே சிவன் கோயிலில் கல்யாண மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கல்லில் செதுக்கிய குதிரைக்கு என் பெயரை வைத்தாள். அவளை அப்படி நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மதியம் பூங்காவில் வேப்பமரத்தடியில் புளியோதரையைப் பிரித்தோம். அப்போது மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, அத்தை.

"அடடே, நீங்களா! எங்க இந்தப் பக்கம்?" என்றாள் அம்மா. அவ்வளவு மோசமான நடிப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

அக்காவுக்குச் சந்தேகம் வரவில்லை. அப்பாவின் பழைய வாடிக்கையாளர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவளாகவே எழுந்து, பாத்திரத்தை இடதுகையில் ஏந்திக்கொண்டு பரிமாறப் போனாள். வெண்புள்ளி முழுவதும் வெயிலில் தெரிந்தது. அத்தைக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அம்மா கொடுத்திருந்த தட்டை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா, சஷ்டி விரதம்."

"நீங்க?" என்று அக்கா மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டாள். அவளும் விரதமாம். அவன் அகழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கண்ணைக் காட்ட, நான் அதிரசத் தட்டை நீட்டினேன். இரண்டு பெண்களும் எடுத்துச் சாப்பிட்டார்கள். அத்தைக்காரி இரண்டாவதும் எடுத்தாள், என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே.

அக்கா தட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பாதையோரமாக அம்மாவுடன் விடைபெற்றுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தணிக்கவில்லை, தணிக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவுமில்லை.

"சின்னவளைக் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க. வர்ற முகூர்த்தத்திலேயே தட்டை மாத்திக்கலாம்."

குழாய் திறந்தபடி இருந்தது. பாத்திரம் நிரம்பி வழிந்து அக்காவின் கைமேல் ஓடியது. அவள் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. சத்தியமா."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். கூடவே அழுகையும் வந்தது. பயத்தில் வந்த அழுகையை அவள் பாசமென்று எடுத்துக்கொண்டாள். ஈரக்கையால் என் தலையைத் தடவி, "நீ என்னடி பண்ணுவ, அழாத" என்றாள். என் துப்பட்டாவை உருவி இடதுகையைச் சுற்றிக்கொண்டாள். சென்னை வந்துசேரும்வரை அதை எடுக்கவில்லை. வழியில் அப்பா மட்டும், "டீ குடிக்கலாமா?" என்று ஒருமுறை கேட்டார்.

அந்த மாதமே அக்கா திருவான்மியூரில் ஒரு விடுதிக்குப் போய்விட்டாள். வேலூர்க்காரர்களிடம் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாள், ஆனால் அதை அக்காவிடம் சொல்லத்தான் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அம்மாவின் போனை அக்கா எடுப்பதில்லை. அப்பா இன்னமும் தீபாவளிக்கு மறுநாள் கடையைப் பூட்டுகிறார். பூட்டிவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது, வடபழனியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போவேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து வார்த்தைகளைக்கூட அடுக்கிக்கொள்வேன். அவள் இப்போது அறையில் தனியாக இருக்கும்போதும் முழுக்கைதான் போடுகிறாள். நான் உள்ளே போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "அந்த வீட்ல என்னை ஏமாத்தாதவ நீ ஒருத்திதான்டி" என்று சொல்லி, இடதுகையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொள்கிறாள்.